வாசகர் கேள்வி – பதில்: பாடத்திட்டம் இல்லாத காலத்தில் ஒரு சமூகவியல் மாணவர்

சென்ற இதழில், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து எழுதிய ஆரம்பகால சமூகவியலாளர்களில் ஒருவர் என்று அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். படிக்கப் பணம் கேட்டு ஒரு முன்னாள் ஜனாதிபதியோடு மோதினார் என்பதும் அதில் இருந்தது. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் மாணவர்களும், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அவருடைய படிப்புக் காலத்துக்கே.

டு பாய்ஸ் எந்தக் கல்லூரியில் சமூகவியல் படித்தார்? அவருக்கு ஆசிரியர் யார்?
– எம்.ஏ. மாணவி, விருதுநகர்

சமூகவியல் துறை என்ற பெயரில் இயங்கிய எந்த வகுப்பறையிலும் அவர் மாணவராக உட்காரவில்லை. அவர் படித்த நாளில் ஹார்வர்டில் அப்படி ஒரு பாடத்துக்கு அங்கீகாரமே கிடையாது. அங்கே சமூகவியல் துறை வந்தது 1931இல். அவர் பட்டம் வாங்கியது தத்துவத்திலும் வரலாற்றிலும். பிறகு ஜெர்மனியில் பொருளாதாரம்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். 1868இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே விட்டுப் போய்விட்டார். அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்தார். பள்ளித் தலைமையாசிரியர் ஃபிராங்க் ஹாஸ்மர், இந்தப் பையன் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்து லத்தீன், கிரேக்கம், அல்ஜீப்ரா எல்லாம் எடுக்க வைத்தார். பையனுக்கு ஹார்வர்ட் போக ஆசை. ஆனால் பள்ளி முடித்த கொஞ்ச நாளில் அம்மா இறந்துபோனார், கையில் காசு இல்லை. உள்ளூர் தேவாலயங்கள் சேர்ந்து பணம் திரட்டி, டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு 1885இல் அனுப்பின. அப்போது அவருக்கு 17 வயது. அடிமை முறை ஒழிந்து இருபது வருடம்தான் ஆகியிருந்தது. வடக்கே வளர்ந்த அவர், தன் மக்களைப் பெருங்கூட்டமாகப் பார்த்தது அங்கேதான் முதல் தடவை.

ஆசிரியர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸ், ஆல்பர்ட் புஷ்நெல் ஹார்ட், பெர்லினில் குஸ்டவ் ஷ்மோலர் என்று பெரிய பெயர்களை அடுக்கலாம். என்னைக் கேட்டால் முதல் இடத்தை டென்னசிக் கிராமத்து மக்களுக்குத்தான் கொடுப்பேன்.

ஃபிஸ்க்கில் படித்தபோது இரண்டு கோடை விடுமுறைகளில் கிராமத்துப் பள்ளி வாத்தியாராகப் போனார். வேலை தேடி வெயிலில் மைல் கணக்காக நடந்துதான் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடம் என்பது சோளம் போட்டு வைத்திருந்த ஒரு மரக்கொட்டகை. மூன்று பலகையைச் சேர்த்து மேஜை. நாற்காலி, தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் இரவல், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கிட்டத்தட்ட முப்பது பிள்ளைகள். வேலை உத்தரவு வாங்க, பள்ளிகளுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார ஆணையர் வீட்டுக்குப் போன அன்று, அவர் நல்லபடியாகப் பேசிச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாராம். பையனுக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் எல்லோரும் முதலில் சாப்பிட்டார்கள், அப்புறம் இவர் தனியாகச் சாப்பிட்டார். நம் ஊரில் தனிப் பந்தியும் தனிக் குவளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் திடீரென்று வராமல் போனால் மலையேறி வீட்டுக்கே போவார். படிப்பு எதற்கு என்று பெரியவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்து பேசி, பழங்கால ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோவின் லத்தீன் உரையைக் கூட அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிச் சம்மதிக்க வைப்பார். அந்தச் சம்மதம் ஒரு வாரம் தாங்கும். வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் ஏதாவது ஒரு பிள்ளையின் வீட்டில் போய்த் தங்குவார். எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள், கடன் எவ்வளவு, நிலம் யார் பேரில், மூத்த பெண் ஏன் வேலைக்குப் போனாள் என்பதையெல்லாம் அவர் கற்றது அங்கே. பத்து வருடம் கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு வீடாக விசாரித்தார். நாங்கள் இன்று மறு ஆய்வு என்று சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த செய்திகளில் பாதி சாவும் கடனும்.

1888இல் ஹார்வர்ட் அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் ஃபிஸ்க் பட்டத்தை முழுப் பட்டமாக ஏற்கவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவராக மறுபடியும் பி.ஏ. படித்தார். தத்துவம் எடுத்தார், வில்லியம் ஜேம்ஸின் வீட்டுக்குப் போய்வருகிற அளவுக்கு அவருக்குப் பிடித்த மாணவராக இருந்தார். அந்த ஜேம்ஸ்தான், தத்துவத்தை வைத்துப் பிழைப்பது கஷ்டம் என்று நேராகச் சொன்னவர். அதன் பிறகு ஹார்ட்டிடம் வரலாற்றுக்குப் போனார். பல்கலைக்கழகப் பாடகர் குழுவில் சேரப் போனார், எடுக்கவில்லை. தங்கியது வெளியே, ஒரு கறுப்பினப் பெண்மணியின் வீட்டு வாடகை அறையில்.

முன்னாள் ஜனாதிபதியோடு மோதியது என்ன விஷயம்? விவரமாக எழுதுங்கள்.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

அந்த ஜனாதிபதி ரூதர்போர்டு ஹேய்ஸ். பதவியிலிருந்து இறங்கிய பிறகு, கறுப்பின மக்களின் கல்விக்கான ஸ்லேட்டர் நிதியின் தலைவராக இருந்தார். 1890இல் அவர் பேசியதாகப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. தகுதியான கறுப்பின இளைஞன் கிடைத்தால் ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்க வைக்கத் தயார், ஆனால் இதுவரை கிடைத்தவர்கள் எல்லாம் மேடைப் பேச்சாளர்கள்தான் என்ற பொருளில்.

டு பாய்ஸ் உடனே விண்ணப்பம் போட்டார். ஹார்வர்ட் பேராசிரியர்களின் கடிதங்களையும் இணைத்தார். வந்த பதில், அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம் என்பது. சாதாரணமாக நாம் அத்தோடு விட்டுவிடுவோம். அவர் 1891 மே மாதம் திரும்ப எழுதினார். எனக்குப் பணம் இல்லை என்பது பெரிய விஷயமில்லை, தகுதியானவர் இல்லை என்று ஊரறியச் சொன்னீர்களே, அதற்கு என் மக்களிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். எழுதியவருக்கு வயது 23. ஹேய்ஸ் கோபப்படாமல் பதில் எழுதினார். அடுத்த வருடம் 750 டாலர் கிடைத்தது. பாதி உதவித்தொகை, மீதிப் பாதி 5 சதவீத வட்டிக்குக் கடன்.

வங்கியில் வேலை பார்த்தவர் நீங்கள், அந்தக் கடன் பகுதியைக் கவனித்திருப்பீர்கள். தகுதியை நிரூபித்த பிறகும் பாதிதான் கொடை. படித்து முடித்து வேலைக்கே போகாத மாணவன் தலையில் வட்டி ஏறுவது அன்றைக்கும் இருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இந்தக் கல்விக் கடனுக்காகவே ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போனதை என் மாணவர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

ஜெர்மனியில் படித்தும் அங்கே டாக்டர் பட்டம் வாங்கவில்லை என்கிறார்களே, ஏன்?
– ஆய்வு மாணவர், சென்னை

1892 இலையுதிர் காலத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஷ்மோலர், அடால்ஃப் வாக்னர் ஆகியோரிடம் பொருளாதாரம். ஷ்மோலரின் ஆய்வரங்கில் இடம் கிடைத்தது பெரிய விஷயம். கொள்கையை முதலில் வைத்து அதற்கு ஏற்ப உலகத்தைப் பார்க்காதே, விவரங்களைச் சேகரி, வரலாற்றையும் புள்ளிவிவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார் என்பது ஷ்மோலர் வழி. டு பாய்ஸ் கையில் இது ஓர் ஆயுதமாக மாறியது. ஏனென்றால் அவருடைய மக்களைப் பற்றி அமெரிக்காவில் எல்லோரிடமும் கருத்து இருந்தது, விவரம்தான் யாரிடமும் இல்லை.

அதே பல்கலைக்கழகத்தில் ட்ரைட்ஷ்கே என்ற புகழ்பெற்ற வரலாற்றுப் பேராசிரியர், கலப்பினத்தவர்கள் தாழ்ந்தவர்கள் என்று மேடையிலிருந்து முழங்கியதை அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஆனால் வகுப்புக்கு வெளியே வெள்ளையர்கள் சாதாரணமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேசினார்கள். டென்னசி ஆணையர் வீட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பார்த்தால் அது அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று புரியும். 25ஆவது பிறந்தநாள் இரவில் தனியாக அறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, தன் மக்களின் உயர்வுக்காகவே உழைக்கப் போவதாக நாட்குறிப்பில் எழுதினார்.

தென் மாநிலங்களின் விவசாயத்தில் பெரிய பண்ணைகள், சிறு பண்ணைகள் பற்றி ஷ்மோலருக்காக ஆய்வேடு எழுதினார். பேராசிரியருக்குத் திருப்தி. தடையாக வந்தது விதி. தேர்வுக்கு உட்காரத் தேவையான செமஸ்டர்கள் குறைந்தன. ஷ்மோலரும் வாக்னரும் விலக்குக் கேட்டுப் பார்த்தார்கள், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று பல்கலைக்கழகத்தில் மறுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச காலம் தங்கினால் பட்டம். அதற்கு ஸ்லேட்டர் நிதியிடம் நீட்டிப்புக் கேட்டார். ஹேய்ஸ் அதற்குள் இறந்துவிட்டார். நிதிக்காரர்கள் முடியாது என்றார்கள்.

1894 கோடையில் கப்பலின் கீழ்த்தட்டில் மலிவுக் கட்டணத்தில் ஊர் திரும்பினார். 1895இல் ஹார்வர்டில் பிஎச்.டி. வாங்கினார். ஆப்பிரிக்க அடிமை வணிகத்தை அமெரிக்கா தடுத்த வரலாறு அவர் தலைப்பு. ஹார்வர்டில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அடுத்த வருடம் அது ஹார்வர்ட் வரலாற்று வரிசையின் முதல் நூலாக வந்தது. பெர்லின் பல்கலைக்கழகம் 1958இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு 90 வயது. ஒரு செமஸ்டர் கட்டணமும் கொஞ்சம் மனமும் இருந்திருந்தால் 26 வயதில் கிடைத்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

படிக்கிற காலத்தில் காதல் உண்டா?
– வாசகர், ஈரோடு

உண்டு. ஐசனாக் என்ற ஜெர்மன் ஊரில் தங்கியிருந்த வீட்டுப் பெண் டோரா அவரை மணக்கத் தயாராக இருந்தாள். அமெரிக்காவில் அவளை என்ன பாடுபடுத்துவார்கள் என்று தெரிந்து அவர் விலகிவிட்டார். பின்னால் தான் ஆசிரியராக இருந்த கல்லூரியில் படித்த நீனா கோமரை 1896இல் மணந்தார்.

படித்து முடித்ததும் நல்ல வேலை கிடைத்ததா?
– பெற்றோர், திண்டுக்கல்

ஹார்வர்ட், பெர்லின் என்று போட்டு ஊரெல்லாம் விண்ணப்பம் அனுப்பினார். வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் இடம் என்ற பேச்சே இல்லை. முதலில் வந்தது ஒஹையோ மாநிலத்தில் வில்பர்ஃபோர்ஸ் கல்லூரி, வருடம் 800 டாலர். சரி என்று எழுதிய பிறகு, கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய டஸ்கிகீ கல்வி நிறுவனத்திலிருந்து கணக்கு வாத்தியார் வேலைக்குத் தந்தி வந்தது. கொடுத்த வாக்கை மாற்றவில்லை.

வில்பர்ஃபோர்ஸில் லத்தீன், கிரேக்கம், ஜெர்மன், ஆங்கிலம் எல்லாம் அவர் தலையில். கூடுதல் நேரத்தில் சமூகவியல் நடத்துகிறேன் என்று அவரே கேட்டும் விடவில்லை. அது தேவாலயம் நடத்திய கல்லூரி. ஒரு நாள் பிரார்த்தனைக் கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார். பேராசிரியர் டு பாய்ஸ் இப்போது ஜெபம் நடத்துவார் என்று அறிவித்துவிட்டார்கள். மாட்டார் என்று இவரே சொல்லிவிட்டார். வேலை போகிற நிலைமைக்கு வந்து தப்பியது.

உங்கள் மகள் சமூகவியல் எடுக்க ஆசைப்படுகிறாள், வேலை கிடைக்குமா என்று கடிதத்தில் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கணக்கெடுப்பு, திட்ட மதிப்பீடு, பொது சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள் என்று வேலைகள் உண்டு. புள்ளியியலைச் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். ஷ்மோலரிடம் அவர் கற்றதும் அதன் ஒரு வடிவம்தான்.

நான் கணக்கெடுப்பு வேலைக்கு வீடு வீடாகப் போகிறேன். பலர் கதவையே திறப்பதில்லை. டு பாய்ஸ் இதை எப்படிச் சமாளித்தார்?
– களப்பணியாளர், சேலம்

உங்கள் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒரு வருட வேலைக்கு அவரை அழைத்தது. சமூகவியல் உதவியாளர் என்று பதவி, 900 டாலர் சம்பளம். பாடம் நடத்தும் வேலை கிடையாது, மாணவர்களோடு தொடர்பே இல்லை. ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வார்டில் இருந்த கறுப்பின மக்களை ஆராய வேண்டும், அவ்வளவுதான். நகரம் கெட்டுப்போனதற்கு இவர்களின் குற்றங்களே காரணம் என்ற முடிவு ஊரில் முன்பே இருந்தது. அதற்கு ஓர் ஆய்வு முத்திரை வேண்டியிருந்தது. இது டு பாய்ஸுக்கும் தெரியும். தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்.

கல்யாணமாகி மூன்று மாதம். மனைவியோடு அந்த வார்டிலேயே, ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியேறினார். பக்கத்திலேயே குடிவெறியும் சண்டையும் போலீஸும். ஆறு வகைக் கேள்வித்தாள் தயாரித்தார். குடும்பத்துக்கு ஒன்று, தனி ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, சங்கம் தேவாலயம் போன்ற அமைப்புகளுக்கு ஒன்று, பணக்காரர் வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. ஆட்களை அனுப்பவில்லை, தானே எல்லா வாசலிலும் ஏறினார். ஏறத்தாழ 2,500 குடும்பங்கள். ஒரு வீட்டில் பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. 1890 அரசுக் கணக்கெடுப்பு அந்த வார்டில் 8,861 கறுப்பின மக்கள் என்றது. இவர் கணக்கில் வந்தது 9,675 பேர்.

அவரை யாரும் கைநீட்டி வரவேற்கவில்லை. ஏதோ விசித்திரப் பிராணி மாதிரித் தங்களை ஒருவர் ஆராய வருவது அந்த மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தன் இனத்துக்காரர், படித்தவர், கையில் கைத்தடி, கையுறை, நல்ல கோட்டு. அதுவே சந்தேகத்துக்கு இடம். அவர் சமாளித்தது எந்தச் சாமர்த்தியத்தாலும் இல்லை என்று நினைக்கிறேன். அங்கேயே குடியிருந்தார். திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டார். டென்னசியில் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் செய்ததையே பெரிய அளவில் செய்தார்.

நான் மாணவியாக மதுரை செல்லூரில் தறி வீடுகளுக்குக் கேள்வித்தாளோடு போனபோது, ஒரு அம்மா தறியை நிறுத்தாமலே, "இதை எழுதிக்கிட்டுப் போறதால எங்களுக்கு என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். அதற்கு நேர்மையான பதில் ஒன்றைத் தயார் செய்துகொண்டு போங்கள். என்ன ஆகும் என்று உங்கள் நிறுவனத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றும் ஆகாது என்றால் அதையும் சொல்லுங்கள், பொய்யாக வீடும் கடனும் கிடைக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். கதவு திறக்காத வீட்டையும் குறித்து வையுங்கள், அதுவும் தரவுதான்.

1899இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. குற்றம் ரத்தத்தில் வருவதில்லை, வேலை மறுக்கப்படுவதாலும் வாடகை கூடுதலாகப் பிடுங்கப்படுவதாலும் நிறப் பாகுபாட்டாலும் வருகிற நிலைமையின் விளைவு என்று அட்டவணை அட்டவணையாகக் காட்டினார். ஆய்வு கேட்டவர்கள் எதிர்பார்த்த முடிவு அதுவல்ல. பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மக்களை நான்கு தரமாகப் பிரித்துக் கடைசித் தட்டைப் பற்றி எழுதும்போது, கிரேட் பாரிங்டனின் கண்டிப்பான ஒழுக்கப் பாடம் அவர் பேனாவில் ஏறிவிடுகிறது. ஏழைகளுக்கு அறிவுரை சொல்லும் வரிகள் எனக்கு உறுத்துகின்றன. அந்தப் பகுதிகளை வகுப்பில் நான் தவிர்த்ததில்லை, மாணவர்களோடு விவாதித்திருக்கிறேன்.

அம்பேத்கருக்கும் இவருக்கும் தொடர்பு இருந்ததா?
– ஆசிரியை, அரக்கோணம்

1946இல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். தீண்டப்படாதவர்களின் நிலைக்கும் கறுப்பினத்தவர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையையும் அதில் குறிப்பிட்டிருந்தார். டு பாய்ஸ் ஜூலை மாதமே பதில் போட்டார். உங்கள் பெயரையும் பணியையும் அறிவேன், இந்தியாவின் தீண்டப்படாத மக்கள் மீது எனக்கு முழு அனுதாபம் உண்டு என்று எழுதினார்.

மாணவப் பருவத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், 1916இல் லண்டனில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1920இல் மறுபடி போய்த்தான் முடித்தார். இருவருக்கும் வழியை மறித்தது பணம் கொடுக்கிறவர்களின் கெடு.

அவரை எந்த நூலில் தொடங்கி வாசிக்கலாம்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

1903இல் வந்த 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' நூலின் நான்காவது அத்தியாயத்தில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. டென்னசிப் பள்ளிக்கூடம் அதில்தான் வருகிறது. அப்புறம் ஃபிலடெல்ஃபியா நூலை எடுத்து, முதல் பக்கத்துக்குப் போகாமல் கடைசியில் பின்னிணைப்பாக உள்ள கேள்வித்தாள்களைப் பாருங்கள். அதில் தெருவுக்கான தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் குடியிருக்கிற தெருவுக்கு நிரப்பி எனக்கு அனுப்புங்கள். யார் யார் எந்த வீட்டுக்குப் போகத் தயங்கினீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். வருகிற தாள்களை ஒவ்வொன்றாகப் படித்து, அடுத்த மாதம் இதே பக்கத்தில் பேசுகிறேன்.